சவ்வு லிப்பிடுகள்: நேராகச் செலுத்துவதா, பிரித்துச் செலுத்துவதா?

இலையின் செல் சவ்விலுள்ள லிப்பிடுகளையும் (கொழுப்பு மூலக்கூறுகள்) பாக்டீரியாவின் சவ்விலுள்ள லிப்பிடுகளையும் ஒரே மாஸ் ஸ்பெக் கருவியில் (மூலக்கூறுகளை அயனியாக்கி நிறையை அளக்கும் கருவி) அலசலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே வழி ஒத்துவராது. பிரித்தெடுத்த சாற்றை அப்படியே கருவிக்குள் செலுத்துவது ஷாட்கன் முறை. முதலில் காலம் (column) எனப்படும் பிரிகுழாயில் பிரித்துவிட்டுச் செலுத்துவது எல்சி-எம்எஸ். இலைக்கு முதலாவது, பாக்டீரியாவுக்கு இரண்டாவது என்பதே என் முடிவு.

அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் இலையில் என்னென்ன வகை லிப்பிடுகள் இருக்கும் என்பது முன்பே தெரியும்: பசுங்கணிகத்தின் எம்ஜிடிஜி, டிஜிடிஜி என்ற சர்க்கரை லிப்பிடுகள், அப்புறம் பிசி, பிஇ, பிஜி, பிஐ என்ற பாஸ்போலிப்பிடுகள். ஒவ்வொரு வகையையும் அதன் தலைப்பகுதியை வைத்தே பிடித்துவிடலாம். நேர் அயனியாக உடையும்போது பிசி 184 என்ற நிறையில் தெரியும் துண்டைத் தரும். பிஇ 141 நிறை அலகை இழக்கும். ஷாட்கனின் பெரிய பலம் அளவிடுவதில் இருக்கிறது. ஒப்பிட்டு அளக்க நாம் தெரிந்த அளவில் சேர்க்கும் உள்நியமமும் (internal standard) இலையின் லிப்பிடும் ஒரே தெளிப்பில், ஒரே நேரத்தில் அயனியாகின்றன. சிக்னல் அமுங்கினால் இரண்டுக்கும் சேர்ந்தே அமுங்கும்; விகிதம் பெரிதாகக் கெடாது. லிப்பிடுகளை அவற்றின் கொழுப்புச் சங்கிலிகளை வைத்துப் பிரிக்கும் ரிவர்ஸ் ஃபேஸ் காலத்தில் இரண்டும் வெவ்வேறு நிமிடங்களில் வெளிவருவதால் அந்த வசதி போய்விடும். ஷாட்கனிலும் தொல்லை இல்லாமல் இல்லை: ஓர் இரட்டைப் பிணைப்பு கூடுதலாக உள்ள லிப்பிடின் ஐசோடோப் உச்சி, அடுத்ததன் மேல் வந்து விழும். அதைக் கணக்கிட்டுக் கழித்தாக வேண்டும்.

இனி பாக்டீரியா. ஈ. கோலையில் சுமார் முக்கால் பங்கு பிஇ, மீதி பிஜியும் கார்டியோலிப்பின் என்ற இன்னொரு பாஸ்போலிப்பிடும். பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் கார்டியோலிப்பின் இரட்டை எதிர்மின்னூட்டம் ஏற்றால், பிஜி வரும் நிறைப் பகுதியிலேயே வந்து நிற்கும். காலத்தில் பிரித்தால் இந்தக் குழப்பம் தீரும். இன்னொன்று, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் லைசில்-பிஜி, வேறு சில பாக்டீரியாக்களின் பாஸ்பரஸே இல்லாத ஆர்னிதின் லிப்பிடுகள் போன்றவை இலைக்கென வகுத்த ஸ்கேன்களில் சிக்கவே சிக்காது. தேடாததையும் காட்டுவது உயர் பிரிதிறன் எல்சி-எம்எஸ்தான். வகை வாரியாகப் பிரிக்கும் ஹிலிக் காலத்தைப் பயன்படுத்தினால் உள்நியமம் தன் வகையோடு சேர்ந்தே வெளிவரும். பாக்டீரியாவில் அளவும் முக்கியம் என்றால் நான் அதையே பரிந்துரைப்பேன்.

பாக்டீரியா லிப்பிடுகளில் வரும் ஐசோ, ஆன்டிஐசோ என்ற இரு வகைக் கிளைச் சங்கிலிகளுக்கு நிறை ஒன்றே. அவற்றைப் பிரித்தறிய மெத்தில் எஸ்டராக்கி ஜிசியில் (வாயு குரோமடோகிராபி) ஓட்டுவதே நம்பகமான வழி.

எந்த முறையானாலும் மாதிரியைக் கையாள்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இலையை வெட்டியதுமே பாஸ்போலிப்பேஸ் டி என்ற நொதி விழித்துக்கொண்டு பிசியைப் பாஸ்பாட்டிடிக் அமிலமாக்கிவிடும். அதனால் பறித்த கையோடு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பிஎச்டி (BHT) கலந்த, 75 டிகிரி செல்சியஸ் சூட்டிலுள்ள ஐசோபுரொப்பனாலில் போட்டுவிட வேண்டும். சாதாரண இலையில் பாஸ்பாட்டிடிக் அமிலம் எக்கச்சக்கமாகத் தெரிந்தால் முதலில் இந்தப் படியைச் சந்தேகியுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸில் சிக்கல் வேறு: தடித்த செல்சுவரை லைசோஸ்டாஃபின் என்ற நொதியால் உடைக்காவிட்டால் கார்டியோலிப்பின் முழுதாக வெளியே வராது, கருவி அதைக் குறைத்தே காட்டும்.