கால் சென்டர்: மாநகரிலா, சிறு ஊரிலா?

புது கால் சென்டரை எங்கே திறப்பது என்று கேட்டால் எங்கள் ஓட்டு சிறு ஊருக்குத்தான். வாடகை குறைவு என்பது ஊரறிந்த விஷயம். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கணக்கையே புரட்டிப்போடுவது, எடுத்த ஆள் எத்தனை நாள் நிற்கிறார் என்பதுதான்.

மாநகரில் ஆள் கிடைப்பது சுலபம், நிற்பதுதான் கிடையாது. பயிற்சி முடித்த ஏஜென்ட், கொஞ்சம் கூடுதல் சம்பளம் என்றால் எதிர்க் கட்டடத்துக்குப் போய்விடுவார். 100 பேரில் மாதம் 5 பேர் விலகுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு 6 வாரம், மேற்பார்வையில் அழைப்பு எடுத்துப் பழக 2 வாரம் என்றால், எந்த நாளில் பார்த்தாலும் 9 பேராவது முழு வேலைக்குத் தயாராகாமல் சம்பளத்தில் இருப்பார்கள். சிறு ஊரில் 2 பேர்தான் விலகுகிறார்கள் என்றால் அது நாலுக்குள் அடங்கிவிடும். போதாததற்கு, புதியவர் எடுக்கும் அழைப்பு நீளும். அழைப்பு வரிசையில் காத்திருக்கும் வாடிக்கையாளர் எரிச்சலோடுதான் பேச்சையே தொடங்குவார்.

சிறு ஊர்களுக்குப் போகும் பலர் சறுக்குவது, அழைப்பு வரிசையை ஊருக்கு ஒன்றாகப் பிரிப்பதில். அரை மணிக்கு 100 அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம், 80 சதவீதத்தை 20 வினாடிக்குள் எடுக்க வேண்டும் என்றால் ஏர்லாங் சி கணக்கில் (அழைப்பு வரிசைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று சொல்லும் சூத்திரம்) 14 ஏஜென்ட் போதும். அதையே இரண்டு ஊருக்குப் பாதிப் பாதியாகப் பிரித்துத் தனி வரிசை வைத்தால் ஊருக்கு 8, மொத்தம் 16. வரிசை ஒன்றாகவே இருக்கட்டும். விடுப்பு, இடைவேளை, பயிற்சிக்கு 30 சதவீதம் போனால், அந்த 14 இருக்கைக்குச் சம்பளப் பட்டியலில் 20 பேர் வேண்டும். '200 வேலை' என்று அறிவிப்பு வந்தால், இருக்கையா தலையா என்று கேட்டுவிடுங்கள்.

இணைப்பில் வேகம் பிரச்சினையே இல்லை; குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 கோடெக்கில் ஒரு அழைப்புக்குத் திசைக்கு வினாடிக்குச் சுமார் 90 கிலோபிட்தான். இரண்டு நிறுவனத்திடம் ஃபைபர் வாங்கியும் இரண்டும் ஒரே குழியில் வந்தால், ஒரு பொக்லைன் போதும், மொத்தத் தளமும் ஊமையாகிவிடும். கேபிள் வரும் பாதையை நடந்தே பாருங்கள்.

பல மொழி ஏஜென்ட்கள் வேண்டும், மூன்றே மாதத்தில் 300 பேர் வேண்டும் என்றால் மாநகரேதான். இரவு ஷிஃப்டைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டோம். கடைசிப் பேருந்துக்குப் பிறகு வீட்டில் கொண்டுவிடும் வண்டிச் செலவு வாடகை மிச்சத்தைத் தின்றுவிடலாம்.