பெண் தொழில்முனைவோர் ஆன்லைன் கோர்ஸ்: ஐடியா பகுதி அருமை, விற்பனைப் பகுதி சொதப்பல்

பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் என்று விளம்பரம் செய்த ஒரு ஆன்லைன் கோர்ஸை முடித்தாயிற்று. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன், அதுவும் முதல் பாதிக்காக.

அந்தப் பாதி நிஜமாகவே நன்றாக இருக்கிறது. புதுசா எதையாவது கண்டுபிடி என்று உயிரை வாங்காமல், தினமும் எந்த வேலை எரிச்சலூட்டுகிறதோ அதை மட்டும் எழுதி வரச் சொல்கிறார்கள். அதற்கு பெட் நெஸ்மித் கிரகாமை உதாரணம் காட்டியதும் சரியான தேர்வு. டைப்பிங் பிழையை மறைக்க வெள்ளை பெயின்ட்டைக் குப்பியில் ஊற்றி ஆபீசுக்கு எடுத்துப்போன செக்ரட்டரி அவர். 1956-இல் அதை விற்கத் தொடங்கினார், 1979-இல் ஜில்லெட் அந்தக் கம்பெனியை 4.75 கோடி டாலருக்கு வாங்கியது.

சரி, நடுவில் இருந்த வருஷங்கள்? வீட்டிலேயே கலந்து, மகனையும் அவன் நண்பர்களையும் வைத்துக் குப்பிகளை நிரப்பிய காலத்தைப் பற்றி கோர்ஸில் ஒரு வரி கிடையாது. ஆரம்பத்திலிருந்து நேராகக் கோடிக்குத் தாவிவிடுகிறார்கள்.

ஜோசபின் காக்ரன் பாடம் இன்னும் மோசம். பாத்திரம் கழுவும் மெஷினுக்கு 1886-இல் காப்புரிமை வாங்கினார் என்பதோடு வீடியோ முடிந்துவிடுகிறது. ஆனால் விஷயமே அதற்கப்புறம்தான்! அன்றைய பெரும்பாலான வீடுகளில் அந்த மெஷினுக்குப் போதுமான வெந்நீர் வசதி இல்லை, விலையும் கட்டுப்படியாகாது. அதனால் ஹோட்டல்களுக்கு விற்றார், 1893 சிகாகோ கண்காட்சியில் வைத்து ஆர்டர் பிடித்தார். மெஷின் அதேதான், வாங்குகிற ஆள்தான் வேறு. தொழில் நடத்துகிறவருக்குத் தெரிய வேண்டியதே இதுதான், அதைப் போய் விட்டுவிட்டார்களே.

விற்பனைப் பகுதியில் இருப்பதெல்லாம் தினமும் போஸ்ட் போடுங்கள், கதை சொல்லுங்கள் என்ற ரகம். கடன் வாங்குவது, சரக்கைக் கடனுக்குக் கொடுத்துவிட்டுப் பணம் வராமல் திண்டாடுவது, யாருக்கு விற்பது என்றெல்லாம் நேரலை வகுப்பில் கேட்டால், "முதலில் உங்கள் மேல் நம்பிக்கை வையுங்கள் மேடம்" என்று பதில். நம்பிக்கை இல்லாமலா பணம் கட்டிச் சேர்ந்தோம்? பெண்கள் என்றாலே தன்னம்பிக்கைக் குறைவுதான் பிரச்சினை என்று யார் இவர்களுக்குச் சொன்னது, தெரியவில்லை.

ஐடியாவே இல்லாமல் தொழில் தொடங்க நினைப்பவர்கள் சேரலாம். ஏற்கெனவே கடை, கம்பெனி நடத்துபவர்களுக்கு வேண்டாம். முதல் பாதியை மட்டும் தனியாக விற்பார்களா என்று கேட்டுப் பார்த்தேன், மாட்டார்களாம்.