டிர்என்வ்: ஏற்றுவதை விட இறக்குவதில் கெட்டிக்காரன்

இரண்டு வாடிக்கையாளர்களின் கணக்கு மென்பொருளை ஒரே மடிக்கணினியில் பராமரிக்கிறேன். இருவருக்கும் தரவுத்தளம் வேறு, மின்னஞ்சல் சர்வர் வேறு, பைத்தான் பதிப்பும் வேறு. ஆனால் இரண்டு மென்பொருளும் தேடுவது ஒரே பெயரைத்தான்: டேட்டாபேஸ்_யூஆர்எல். அந்தப் பெயருக்குள் இப்போது யாருடைய முகவரி உட்கார்ந்திருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்வதே தனி உத்தியோகமாக இருந்தது. கோப்புறைக்கு ஏற்ப இத்தகைய மதிப்புகளைத் தானே ஏற்றி இறக்கும் டிர்என்வ் என்ற சிறு கருவி வந்த பிறகு அந்தக் கவலை விட்டது.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் சூழல் மாறிகள் (நிரல்கள் பெயர் சொல்லிப் படிக்கும் இத்தகைய மதிப்புகள்) எல்லாவற்றையும், ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை ஓட்டும் நிரல்) தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் கொட்டி வைப்பார்கள்; மிச்சத்தை அவ்வப்போது எக்ஸ்போர்ட் கட்டளையைக் கையால் அடித்து ஏற்றுவார்கள். ஒரு நாள் சக ஊழியர் ஒருவர் சோதனைத் தரவை அழிக்கும் கட்டளையை ஓட்டினார். அந்த டெர்மினலில் காலையில் ஏற்றிய நிஜ முகவரி அப்படியே இருந்தது. பேக்கப்பிலிருந்து மீட்டு முடிப்பதற்குள் இரவாகிவிட்டது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு மாறியை ஏற்ற எத்தனையோ வழிகள் உண்டு. வேலை முடிந்ததும் இறக்க வேண்டுமானால், அன்செட் என்று ஞாபகமாக நாமேதான் அடிக்க வேண்டும்.

டிர்என்வ் இந்த இடத்தில்தான் உதவுகிறது. திட்டத்தின் கோப்புறையில் '.என்வ்ஆர்சி' என்ற கோப்பை வைத்து, வேண்டிய எக்ஸ்போர்ட் வரிகளை அதில் எழுத வேண்டும். சிடி அடித்து உள்ளே நுழைந்ததும் 'லோடிங்' என்று ஒரு வரி வரும். அதன் கீழே கூட்டல் குறியுடன் புதிய மாறிகளின் பெயர்கள், அலைக்குறியுடன் மதிப்பு மாறியவற்றின் பெயர்கள். வெளியே வந்தால் 'அன்லோடிங்'. வெளியேறும்போது மாறியை வெறுமனே அழித்துவிடுவதில்லை. நுழைவதற்கு முன் என்ன மதிப்பு இருந்ததோ அதையே திரும்ப வைக்கிறது. கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியை மாற்றியிருந்தால் பழைய பாத் அப்படியே வந்துவிடும்.

இதெப்படி முடிகிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஒரு நிரல் தொடங்கும்போது அதற்குக் கிடைப்பது தாய் ஷெல்லின் மாறிகளின் நகல் மட்டுமே. அந்த நகலில் என்ன செய்தாலும் தாய்க்குத் தெரியாது. அப்படியிருக்க, தனி நிரலான டிர்என்வ் என் ஷெல்லுக்குள் எப்படிக் கை வைக்கிறது? வைப்பதே இல்லை. தனியாக ஒரு பாஷ் ஷெல்லை ஓட்டி, அதில் கோப்பைப் படித்து, முன்புக்கும் பின்புக்கும் உள்ள வித்தியாசத்தை எக்ஸ்போர்ட், அன்செட் வரிகளாக அச்சிட்டுத் தருகிறது. ப்ராம்ப்ட் (அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் குறி) தோன்றும் ஒவ்வொரு முறையும் என் ஷெல்லே அந்த வரிகளை வாங்கி ஓட்டிக்கொள்கிறது. அதனால்தான் ஷெல்லின் அமைப்புக் கோப்பில் இதைச் செய்யச் சொல்லும் ஒரு ஹுக் வரி போடச் சொல்கிறார்கள். அதைக் கோப்பின் கடைசியில் போடுங்கள். ப்ராம்ப்டை மாற்றும் மற்ற நீட்சிகளுக்குப் பிறகு அது வர வேண்டும். பாஷ், இசட்எஸ்எச், ஃபிஷ் எதுவானாலும் சரி. கோ மொழியில் எழுதப்பட்ட ஒற்றைக் கோப்பு என்பதால், ஒவ்வொரு ப்ராம்ப்டுக்கும் ஓடுகிறது என்ற உணர்வே எனக்கு வந்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் பிடிவாதம். யாரோ கொடுத்த திட்டத்தைத் தரவிறக்கி உள்ளே நுழைந்தால், கோப்பு தடுக்கப்பட்டிருக்கிறது என்று சிவப்பில் ஒரு வரி காட்டி நின்றுவிடும். 'டிர்என்வ் அலோ' என்று அனுமதித்தால்தான் ஓடும். அனுமதித்த கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மறுபடியும் கேட்கும். சிலருக்கு இது தொல்லை. எவரோ எழுதிய ஸ்கிரிப்ட் என் கணினியில் சத்தமில்லாமல் ஓடுவதை விட இந்தத் தொல்லை எவ்வளவோ மேல்.

குறைகளும் உண்டு. மேல் கோப்புறையில் ஒரு '.என்வ்ஆர்சி'யும் உள் கோப்புறையில் ஒன்றும் இருந்தால் அருகில் உள்ளதை மட்டுமே படிக்கும். மேலே உள்ளதும் வேண்டுமானால் 'சோர்ஸ்_அப்' என்று கேட்டு வாங்க வேண்டும். கட்டளைகளுக்கு நாம் வைக்கும் புனைபெயர்களும் (ஏலியஸ்) ஷெல் ஃபங்ஷன்களும் வராது, மாறிகள் மட்டும்தான். 'லேஅவுட் பைத்தான்' என்ற ஒரே வரி தனி பைத்தான் சூழலை உருவாக்கித் தருகிறது, அருமை. ஆனால் சூழலின் பெயர் வழக்கம்போல் ப்ராம்ப்டில் தெரியாது. பழகும் வரை, சூழல் இயங்குகிறதா இல்லையா என்ற சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று: இது ரகசியப் பெட்டகம் அல்ல. கடவுச்சொல் அந்தக் கோப்பில் வெறும் எழுத்தாகத்தான் கிடக்கும். நான் பொதுவான வரிகளை மட்டும் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் சேர்க்கிறேன்; ரகசியங்கள் கிட் கண்டுகொள்ளாத வேறொரு கோப்பில் இருக்கின்றன, அதை 'சோர்ஸ்_என்வ்_இஃப்_எக்ஸிஸ்ட்ஸ்' வரி இழுத்துக்கொள்கிறது.

ப்ராம்ப்ட் இல்லாத இடத்தில் ஹுக்குக்கு வேலையில்லை. குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளுக்கு 'டிர்என்வ் எக்ஸெக்' என்று கோப்புறையைச் சொல்லி ஓட்ட வேண்டும். மெனுவிலிருந்து திறந்த எடிட்டருக்கும் இந்த மாறிகள் போய்ச் சேராது; நான் எடிட்டரை அந்தக் கோப்புறையில் நின்று டெர்மினலிலிருந்தே திறக்கிறேன். இலவசம், திறந்த மூலம். டெபியன், ஃபெடோரா களஞ்சியங்களிலும் மேக்கில் ஹோம்ப்ரூவிலும் கிடைக்கிறது. ஒரே ஒரு திட்டத்தோடு காலம் தள்ளுகிறவர்களுக்கு இது தேவையே இல்லை.