ஆட்கள் நின்று பார்த்த கார்கள்: என் நெடுநாள் அனுபவம்

வித்தியாசமான கார்களைப் பற்றி வரும் விமர்சனங்களில் பெரும்பாலானவை ஒருநாள் ஓட்டிப் பார்த்து எழுதப்பட்டவை. ஒருநாளில் கண்ணில் படுவது விசித்திரம்தான். சாவியை எங்கே போடுவது, கியர் எந்தப் பக்கம் போகும் என்று தேடுவதற்குள் நேரம் முடிந்துவிடும். அதே காரை மழையிலும் வெயிலிலும் வேலைக்கு எடுத்துப்போய், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, வீடு மாறும்போது சாமான் ஏற்றி, சர்வீஸுக்கும் நாமே கொண்டுபோய் நிறுத்தி வருடக்கணக்கில் வைத்திருந்தால்தான், அதை அப்படி வடிவமைத்தவர் என்ன யோசித்தார் என்பது பிடிபடும். என்னிடம் இருந்த கார்கள் எல்லாமே சாலையில் ஆட்கள் நின்று பார்த்த வகை. அவற்றில் காரணமில்லாமல் வித்தியாசமாக இருந்தது ஒன்றுகூட இல்லை என்பது இத்தனை காலம் கழித்தும் எனக்குச் சந்தோஷம் தரும் விஷயம்.

முதலில் வந்தது சிட்ரோன் 2சிவி. 602 சிசி, இரண்டு சிலிண்டர், காற்றால் குளிரும் இன்ஜின், 29 குதிரைத்திறன். இந்த எண்களைச் சொன்னால் மோட்டார் சைக்கிளா என்று கேட்பார்கள். 1930-களில் சிட்ரோனை நடத்திய பியர்-ஜூல் பூலாஞ்சே இந்தக் காருக்குப் போட்ட நிபந்தனைகள் பிரபலமானவை: இரண்டு விவசாயிகளும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும், உழுத வயலைக் கடந்தாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக்கூடாது. 1948-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த வண்டி 1990 வரை தயாரிப்பில் இருந்தது. என்னுடையது கடைசிக் காலத்து வண்டி.

முட்டைச் சோதனையை நான் செய்து பார்த்ததில்லை. ஆனால் குண்டும் குழியுமான சாலையில், பெரிய கார்கள் பிரேக் அடித்துத் தயங்கும் இடங்களில், இது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒரே பக்கத்தில் இருக்கும் முன்சக்கரமும் பின்சக்கரமும் காரின் விலாவில் படுத்திருக்கும் ஒரு உருளைக்குள் உள்ள ஸ்பிரிங்குகளால் இணைக்கப்பட்டிருக்கின்றன. முன்சக்கரம் மேட்டில் ஏறும்போதே பின்பக்கத்துக்கும் தகவல் போய்விடும். வளைவில் வண்டி சாயும் சாய்வைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் கதவைப் பிடித்துக்கொள்வார். நான்கு டயரும் தரையை விடாது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

கியர் லீவர் டேஷ்போர்டிலிருந்து குடைக்கம்பி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இடப்பக்கம் திருப்பி இழுத்தால் முதல் கியர், நேராகத் தள்ளினால் இரண்டு, நேராக இழுத்தால் மூன்று, வலப்பக்கம் திருப்பித் தள்ளினால் நான்கு. முதல் வாரம் கை யோசிக்கும். அப்புறம் நகர நெரிசலில் அதிகம் தேவைப்படும் இரண்டும் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதன் அருமை தெரியும். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, தீப்பொறியைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர்கூட இல்லை. பின்சீட்டைக் கழற்றி வெளியே போட்டு மரநிழலில் உட்காரலாம். பாரம் ஏறி வண்டியின் மூக்கு நிமிர்ந்துவிட்டால், ஹெட்லைட் உயரத்தை உள்ளே இருந்தபடியே ஒரு குமிழைத் திருகி இறக்கிக்கொள்ளலாம். முன்கதவுக் கண்ணாடியின் கீழ்ப்பாதி மேலே மடிந்து ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். பெரிய பள்ளத்தில் அது கொக்கியை விட்டு முழங்கையில் வந்து விழும். அதற்கும் கை பழகிவிட்டது.

குடும்பம் பெரிதானதும் அதே நிறுவனத்தின் பிஎக்ஸ் வாங்கினேன். என்னிடம் இருந்தவற்றிலேயே நான் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான்.

1982-இல் ஈஃபில் கோபுரத்தின் அடியில் அறிமுகமான கார். இத்தாலிய வடிவமைப்பாளர் மார்செல்லோ காந்தினியின் கை, ஆகவே ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி மூலைமூலையான உடம்பு. பானட் பிளாஸ்டிக் கலவை, முன் கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர். இவையெல்லாம் மேல்பூச்சு. உயிர் இருப்பது சஸ்பென்ஷனில். பால் மாஜெஸ் என்ற பொறியாளர் உருவாக்கி, 1955-இல் சிட்ரோனின் டிஎஸ் காரில் முழுமையாக வந்த ஹைட்ரோநியூமாட்டிக் அமைப்பு இது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு இரும்புக் கோளம். உள்ளே நடுவில் ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் அழுத்தத்தில் இருக்கும் பச்சை நிற எண்ணெய். வழக்கமான கார்களில் உள்ள ஸ்பிரிங்கின் வேலையை வாயு செய்கிறது. எண்ணெயின் அளவைக் கூட்டிக் குறைத்து, எவ்வளவு பாரம் ஏற்றினாலும் கார் தன் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனமே இந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிமம் வாங்கி 1965-இல் வந்த சில்வர் ஷாடோவில் பயன்படுத்தியது என்றால் இதன் தரத்தைப் பற்றி மேலே சொல்ல வேண்டியதில்லை.

இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் தரையோடு படுத்திருக்கும். சாவியைத் திருப்பினதும் பம்ப் 'டிக்... டிக்...' என்று ஆரம்பிக்கும், வண்டி மெல்ல எழுந்து நிற்கும். என் மகள் சிறுவயதில் "அப்பா, கார் எந்திரிச்சிடுச்சு, போலாம்" என்பாள். அந்தச் சில நொடிகள் பொறுத்திருந்து கிளம்புவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போனது. சீட்டுகளுக்கு நடுவில் உள்ள லீவரை நகர்த்தினால் உயரத்தைக் கூட்டலாம். தண்ணீர் தேங்கிய சாலையிலும் கரடுமுரடான மண்பாதையிலும் அது எத்தனையோ முறை கைகொடுத்திருக்கிறது. பிரேக்கும் அதே எண்ணெய் அழுத்தத்தில்தான் வேலை செய்யும். வேறு கார் ஓட்டிவிட்டு இதில் ஏறுகிறவர்கள் முதல்முறை பிரேக் மிதிக்கும்போது மூக்கு கண்ணாடியில் இடிக்கப் பார்ப்பார்கள். கட்டைவிரல் பாரம் போதும்.

நெடுந்தூரம் போகும்போதுதான் இதன் பெருமை முழுதாகத் தெரியும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய பெட்டிகள் என்று போனாலும், தனியாகப் போகும்போது இருந்த அதே நிதானம் இருக்கும். நாள் முழுக்க ஓட்டி இறங்கினால் முதுகு வலிக்காது. பாரம் ஏறினால் வண்டியின் குணமே மாறிவிடும் என்பதை நான் அதுவரை இயற்கை என்றே நினைத்திருந்தேன்; அப்படி இருக்கத் தேவையில்லை என்று காட்டியது இந்தக் கார். 1962-இல் பிரான்ஸ் அதிபர் தெ கோல்மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது, டயர்கள் கிழிந்த நிலையிலும் அவருடைய டிஎஸ் தடுமாறாமல் விரைந்து தப்பியது வரலாறு. அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் என் பிஎக்ஸ்.

பராமரிப்பைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம், அதனால் இதைச் சற்று விவரமாகவே சொல்கிறேன். கோளத்தில் உள்ள நைட்ரஜன் வருடங்கள் போகப்போகச் சவ்வு வழியே மெல்லக் கசிந்து குறையும். அது எல்லாக் கோளத்துக்கும் உள்ள இயல்பு. குறையும்போது வண்டி துள்ள ஆரம்பிக்கும், சின்னப் பள்ளமும் இடுப்பில் தெரியும். பலர் இதைப் பார்த்து "அந்த சஸ்பென்ஷனே இவ்வளவுதான்" என்று முடிவு கட்டி வண்டியை விற்றுவிடுகிறார்கள். செய்ய வேண்டியதெல்லாம் அமைப்பில் உள்ள அழுத்தத்தை இறக்கிவிட்டு, கோளத்தை ஆயில் ஃபில்டர் மாதிரித் திருகிக் கழற்றி வேறொன்று மாட்டுவதுதான். எண்ணெய் பச்சை நிற எல்எச்எம் மட்டுமே. சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் போய்விடும். இந்த இரண்டையும் தெரிந்த ஒரு மெக்கானிக் கிடைத்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

அதற்கடுத்து ஸாப் 900. விமானம் செய்வதற்காக 1937-இல் தொடங்கிய நிறுவனம், 1978 முதல் 1993 வரை தயாரித்த கார். சாவித்துவாரம் ஸ்டியரிங் பக்கத்தில் இல்லை, இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே கியர் லீவரை ஒட்டி இருக்கும். விபத்தில் ஓட்டுநரின் முழங்கால் சாவிக்கொத்தில் மோதிச் சிதையக்கூடாது என்பது யோசனை. ரிவர்ஸ் கியரில் போட்டால்தான் சாவியை எடுக்க முடியும். எடுத்ததும் கியர் பூட்டிக்கொள்ளும், திருடுவது கடினம். முன் கண்ணாடி அரைவட்டமாக வளைந்திருப்பதால் முன்தூண்கள் பார்வையை மறைக்காது.

யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன்: கதவின் அடிப்பகுதி. மற்ற கார்களில் கதவைத் திறந்தால் கீழே வாசற்படி மாதிரி ஒரு விளிம்பு வெளியே தெரியும். மழைநாளில் சேறு அதில்தான் படியும், இறங்கும்போது பேண்ட்டில் ஒட்டும். 900-இன் கதவு அந்த விளிம்பையும் சேர்த்து மூடிக்கொண்டு கீழே வரை இறங்குகிறது. சேறெல்லாம் கதவின் வெளிப்பக்கத்தோடு போய்விடும். எத்தனை மழைக்காலம் ஓட்டியும் என் கால்சட்டை அழுக்கானதில்லை.

இன்ஜின் பின்முன்னாகத் திருப்பி வைக்கப்பட்டது, 45 டிகிரி சாய்ந்து, கியர்பாக்ஸின் மேல் உட்கார்ந்திருக்கும். இதனால் கிளட்ச் காரின் மூக்குப் பக்கம் வந்துவிடுகிறது. முன்பக்கக் கீலில் பெரிய பானட் திறந்ததும், இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காமலே கிளட்ச் பிளேட்டை மாற்றலாம். முதல்முறை கிளட்ச் வேலைக்கு விட்டபோது மெக்கானிக் ஒருநாள் ஆகும் என்றார். மதியத்துக்கு முன்பே போன் வந்தது: "சார், வண்டி ரெடி. இப்படி யோசிச்சு செஞ்சவன் கையைக் குலுக்கணும் சார்."

என்னுடையது டர்போ, 16 வால்வு. அன்றைய டர்போ கார்களில் பெட்ரோல் தரம் குறைந்தால் இன்ஜினுக்குள் அது தாறுமாறாகப் பற்றி, 'நாக்' என்ற தட்டும் சத்தத்தோடு பிஸ்டனைக் கெடுக்கும். இதில் உள்ள ஏபிசி அமைப்பு அந்தச் சத்தத்தை ஒரு சென்சாரால் கேட்டு, டர்போ அழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எங்கே போட்ட பெட்ரோலோ என்ற கவலை இல்லாமல் ஓட்டினேன். இன்ஜின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தாண்டினதும் முதுகைத் தள்ளும் அந்த வேகம் இன்னும் நினைவில் இருக்கிறது. பின்சீட்டை மடித்தால் ஒரு பீரோவே படுத்துக்கொள்ளும் இடம். 2011 டிசம்பரில் ஸாப் கார் நிறுவனம் திவாலானது என்ற செய்தி வந்தபோது, விற்று வெகுகாலம் ஆகியும் மனசு கனத்துப் போனது.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 என் ஆசைக்காக வாங்கியது. பிஸ்டனே இல்லாத வாங்கெல் இன்ஜின்: முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு, மொத்தம் 1,308 சிசி, 9,000 சுற்று வரை அதிர்வே இல்லாமல் ஏறும். ஏறியது தெரியாது என்பதால்தான் எல்லைக்கு அருகே வந்ததும் ஒலி எழுப்பி எச்சரிக்கிறது. இன்ஜின் சின்னது, அதனால் முன் அச்சுக்குப் பின்னால் தாழ்வாக உட்கார்கிறது. வளைவுகளில் வண்டி நினைத்த இடத்தில் திரும்புவது அதனால்தான். பின்கதவுகள் எதிர்த்திசையில் திறக்கும், நடுத்தூண் கிடையாது. இதே தத்துவத்தில் ஓடிய மாஸ்டா 787பி 1991-இல் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது.

இதற்கென்று சில பழக்கங்கள் தேவை. சீல்களுக்கு மசகு போட இன்ஜின் ஆயிலையே கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள், ஆகவே பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் பார்க்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி, உடனே அணைக்கக்கூடாது. பெட்ரோல் தேங்கி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும். சூடானதும் அவ்வப்போது நன்றாக விரட்டி ஓட்ட வேண்டும். மைலேஜ் எதிர்பார்ப்பவர்களுக்கான வண்டி இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஃபியட் மல்டிப்ளாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு கருத்து வைத்திருப்பார்கள். நான்கு மீட்டருக்குள் அடங்கும் நீளத்தில் முன்னால் மூன்று, பின்னால் மூன்று என ஆறு முழு சீட், அதற்குப் பின்னும் நல்ல டிக்கி. 1999-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். முன்வரிசை நடு சீட்டில் உட்கார என் பிள்ளைகள் முறை வைத்துச் சண்டை போட்டார்கள். இதைவிட என்ன சான்றிதழ்?

இப்போது கையில் இருப்பது ஆடி ஏ2. முழு உடம்பும் அலுமினியம், 1.4 பெட்ரோல் வண்டி 900 கிலோவுக்குள். பானட்டுக்குக் கீலே கிடையாது, தேவைப்பட்டால் அப்படியே தூக்கி எடுத்து வைக்க வேண்டும். ஆயில் பார்க்கவும் ஊற்றவும் வைப்பர் தண்ணீர் நிரப்பவும் முன் கிரில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு மூடி, அதை மடித்துத் திறந்தால் எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில். தரை இரட்டை அடுக்கு. பின்னால் உட்கார்பவர் கால் அந்தப் பள்ளத்தில் இறங்கிக்கொள்வதால், சின்னக் காரிலும் உயரமானவர்கள் நிமிர்ந்து உட்காரலாம். துரு என்ற பேச்சே இல்லை. ஆனால் அலுமினியத்தில் ஒடுக்கு எடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு, வாங்க நினைப்பவர்கள் முதலில் அப்படி ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். 2005-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். இன்றுவரை இதற்கு ஈடாக ஒன்று வரவில்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்த ஏ2 செய்யப்பட்ட அதே நெக்கார்சுல்ம் ஆலையில்தான் ஒரு காலத்தில் என்எஸ்யு ஆர்ஓ80 உருவானது. 1967-இல் வந்த, இரட்டை ரோட்டர் வாங்கெல் இன்ஜின் கொண்ட அழகு. 1968-இன் ஐரோப்பிய கார் விருது பெற்றது. கிளட்ச் பெடல் கிடையாது, கியர் குமிழைத் தொட்டதும் கிளட்ச் தானே விலகும். ஆரம்பகால வண்டிகளில் ரோட்டர் முனை சீல்கள் சீக்கிரம் தேய்ந்ததும், பிற்காலத்தில் அவற்றைச் சரிசெய்ததும் தெரிந்த கதை. அதில் ஒன்றை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன், எழுபதுகளின் கடைசி வண்டியாகக் கிடைத்தால் நல்லது. ஆர்எக்ஸ்-8 கற்றுக்கொடுத்த பாடம் கையில் இருக்கிறது: போவதற்கு முன் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும், ஸ்டார்ட் ஆவதை நாமே குளிர்ந்த நிலையில் கேட்க வேண்டும், இரண்டு ரோட்டரின் மூன்று முகங்களுக்கும் தனித்தனியே கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். அந்த ஆறு எண்களும் சரியாக இருந்தால் பெயிண்ட், சீட் துணி எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.