பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், உச்சிப்புளி பக்கம் கடலோரத்தில் பழைய ஓட்டு விடுதி வைத்திருப்பவர்களுக்கு வழி இரண்டு: பழுதுபார்ப்பது, அல்லது இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டுவது.

புயலுக்குக் கான்கிரீட் தாங்கும். அதை மறுக்க முடியாது. ஆனால் உப்புக்காற்று உள்ளே புகுந்தால் கம்பி துருப்பிடித்து உப்புகிறது, கூரைப்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. சுண்ணாம்புச் சுவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அதில் கம்பியே கிடையாது. ஈரத்தை வாங்கி, வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சுவர் பொரிந்து உதிரும். பலர் செய்யும் ‘பழுதுபார்ப்பு’ இதுதான்!

பவளக்கல், அதாவது கடலின் பவளப்பாறையிலிருந்து வெட்டிய கல், வைத்த சுவர் என்றால் இடிக்கவே கூடாது என்பேன். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவரில் அந்தக் கல்லின் துளைகளை இன்றும் பார்க்கலாம். பவளத்துக்கு இப்போது சட்டப் பாதுகாப்பு உண்டு, வெட்டியெடுத்தால் குற்றம்.

மாடி ஆசைக்கும் தடை இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை விதிப்படி, கட்டுமானத் தடைப் பகுதியில் அனுமதி பெற்ற பழைய கட்டடத்தை அதே அளவில்தான் புதுப்பிக்கலாம். அதே அளவுதான் என்றால், கூரையைத் தாங்கும் பனங்கைகளை (பனைமரச் சட்டங்களை) மாற்றி, உடைந்த ஓடுகளைப் பிரித்து மேய்வதே மேல்.