விடுதி ஊழியருக்கு எது சரிவரும்: ரோல் பிளேயா, மன்ற அரங்கா, கூத்தா?

திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்துக் கடற்கரை விடுதிகளில் சீசன் முடிந்து மாரி மழை தொடங்கினால்தான் ஊழியர் பயிற்சிக்கு நேரம் கிடைக்கும். புரொஜெக்டர் வகுப்பில் பாதிப்பேர் தூங்கிவிடுவதால், நான் வேலை செய்த விடுதியில் கலைப்பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

ரோல் பிளே எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் விருந்தாளி, ஒருவர் ரிசெப்ஷன். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் எதைச் சொன்னால் பயிற்றுநர் தலையாட்டுவார் என்று நடிப்பவருக்கு முன்பே தெரியும். மறுநாள் கவுண்டரில் பழைய முகம்தான்.

ஃபோரம் தியேட்டர் எனப்படும் மன்ற அரங்கு வேறு மாதிரி. பிரேசில் நாடகக்காரர் ஒகஸ்தோ போவால் 1970களில் வளர்த்தெடுத்தது. பிரச்சினை தீராமலே முடிகிற குட்டி நாடகத்தை ஒரு தரம் போட்டுக் காட்டுவார்கள். இரண்டாம் தரம், பார்ப்பவர்களில் யாரும் நிறுத்தச் சொல்லி, உள்ளே வந்து மாற்றி நடிக்கலாம்.

நாங்கள் எடுத்த கதை: பகல் இரண்டு மணி, வெயிலில் வந்த குடும்பம், ரூம் ரெடியில்லை. ரிசெப்ஷன் தம்பி "பத்து நிமிசம்" என்று நாலு தரம் சொல்ல, சண்டை. "நிப்பாட்டுங்க" என்று எழும்பியவர் சலவைப் பகுதி அக்கா. கூட்டங்களில் வாய் திறக்காதவர். கதிரையை இழுத்துப் போட்டார், பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தார், பிறகு "பெட்ஷீட் காய ஒரு மணித்தியாலம் பிடிக்கும், பொய் சொல்லேலாது" என்றார். தாமதம் கவுண்டரில் இல்லை, துணி காயும் கொடியில் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

கூத்தில் கிடைப்பது வேறு: ஒருவரை ஒருவர் கேட்கும் காது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்துக்குக் கால் பிந்தினால், ஆடுகளமான களரி முழுக்கத் தெரியும். பிற்பாட்டுக்காரர் ஆட்டக்காரரின் மூச்சைப் பார்த்துத்தான் வரியை எடுக்க வேண்டும். சமையலறைக்கும் பரிமாறுவோருக்கும் இதைவிட நல்ல பாடம் இல்லை. சிக்கல், சட்டங் கொடுத்து, அதாவது ஆடுவோருக்கு அவரவர் பாட்டைப் பிரித்துக் கொடுத்து, அரங்கேற்றம் வரை போக மாதக்கணக்காகும். இரண்டு வாரத்தில் நாலு தாளக்கட்டு பழகலாம், அதைக் கூத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது.

படம் பார்த்துப் பேசும் பயிற்சியும் உண்டு. கரைவலை இழுக்கும் படமொன்றை வைத்து, என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்பது. ரூம் துப்புரவு செய்வோரின் கண்ணைக் கூர்மையாக்கும். அரை மணித்தியாலம் போதும்.

என் தெரிவு மன்ற அரங்குதான், ஒரு நிபந்தனையோடு. முகாமையாளர் முன்வரிசையில் இருந்த முதல் அரை மணித்தியாலம் ஒருவரும் கை உயர்த்தவில்லை. தேநீருக்குப் பிறகு அவரையே வெயிலில் வந்த அப்பாவாக நடிக்க விட்டோம். அதன் பிறகுதான் அக்கா எழும்பினார்.