நாலு பேர் சமையலறையா, பதின்மூன்று பேர் சாப்பாட்டு மேசையா?

வயதான அம்மாவை நடுவில் உட்கார வைத்து, நம்மைச் சிரிக்க வைத்து, சிரித்ததற்காக நெளியவும் வைக்கிற நாடகம் என்றால் இரண்டைச் சொல்வேன். மார்ட்டின் மெக்டோனாவின் ‘தி பியூட்டி குவீன் ஆஃப் லீனேன்’ 1996-இல் அயர்லாந்தின் கால்வே நகரில் அரங்கேறியது. டிரேசி லெட்ஸின் ‘ஆகஸ்ட்: ஓசேஜ் கவுண்டி’ 2007-இல் சிகாகோவில்.

லெட்ஸின் நாடகத்தில் எல்லாமே பெரிசு. ஓக்லஹோமாவில் ஒரு வீடு, பதின்மூன்று பாத்திரங்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல். குடிகார அப்பா காணாமல் போக, மூன்று மகள்களும் வந்து சேர்கிறார்கள். அம்மா வயலட்டுக்கு வாயில் புற்றுநோய். மாத்திரைக்கு அடிமை, நாக்கிலோ அசல் விஷம். அப்பாவின் சாவு வீட்டுச் சாப்பாட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் குதறுகிறாள். 2008-இல் புலிட்சர் பரிசும் சிறந்த நாடகத்துக்கான டோனி விருதும் கிடைத்தன. அந்த ஒரு காட்சிக்கே கொடுக்கலாம்.

மெக்டோனாவுக்கு நாலே பேர் போதும். எழுபது வயது மாக், நாற்பது வயதாகியும் கல்யாணமாகாத மகள் மோரீன், ஒரு சமையலறை. காம்ப்ளான் கட்டி தட்டியிருக்கிறது என்று கிழவி முனகுவதில் தொடங்குகிறது சண்டை. மோரீனைத் தேடி ஓர் ஆண் வருகிறான். அவனிடம் மாக் வெந்த கையைக் காட்டி, ‘இவள்தான் சுட்டாள்’ என்கிறாள். மோரீன் இல்லை என்று சாதிக்கிறாள். படுக்கையறைச் சட்டியிலிருந்து மூத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கொட்டுகிற கிழவியை யார் நம்புவது? நாம் மகள் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். அப்புறம் ஒருநாள் மோரீன் அடுப்பில் எண்ணெயைக் காய வைக்கிறாள். அதுவரை சிரித்த சிரிப்புக்கெல்லாம் அங்கேதான் கணக்குத் தீர்க்கிறார் மெக்டோனா.

இதனால்தான் என் ஓட்டு லீனேனுக்கு. வயலட் ஏன் இப்படி ஆனாள் என்பதற்கு லெட்ஸ் காரணம் தந்துவிடுகிறார்: சின்ன வயதில் ஆசைப்பட்டுக் கேட்ட பூட்ஸுக்குப் பதிலாக, சேறு அப்பிய, ஓட்டை விழுந்த ஆம்பிளை பூட்ஸைப் பரிசுத்தாள் சுற்றிக் கொடுத்தாளாம் அவள் அம்மா. கொடுத்துவிட்டு நாள் கணக்கில் சிரித்தாளாம். அருமையான கதைதான். ஆனால் கேட்டதும் வயலட்மேல் பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது. மாக்குக்கு அப்படி ஒரு சலுகையும் கிடையாது.

நடிக்கத் தீனி எதில் அதிகம்? ஓசேஜில்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கையில் காசில்லாத சின்னக் குழுவுக்கு லீனேன்தான் கட்டுப்படியாகும். அடுப்பு, தொட்டி, ஓர் ஆடும் நாற்காலி, மாக்கைத் தாங்கக்கூடிய ஒரு நடிகை. மற்றதைச் சமாளித்துவிடலாம்.

ஓசேஜ் 2013-இல் மெரில் ஸ்ட்ரீப், ஜூலியா ராபர்ட்ஸ் நடித்துப் படமாகவும் வந்தது. பாருங்கள், ஆனால் அதை வைத்து நாடகத்தை எடை போடாதீர்கள். நீளத்தைக் குறைத்து, கடைசியில் மூத்த மகளை வண்டியேற்றிக் கொஞ்சம் ஆறுதலும் தந்துவிட்டார்கள்.